நாலு அண்டரும் இருபத்திரண்டு அண்டரும்

கெய்ட்டா நகஜிமா என்ற ஜப்பானியர் 2025இல் இந்தியாவில் நடந்த இரண்டு பெரிய கோல்ஃப் போட்டிகளில் இரண்டாம் இடம் பிடித்தார். இரண்டிலும் இரண்டே ஷாட்டில் கோப்பை கைநழுவியது. மார்ச் மாதம் குருகிராமின் டி.எல்.எஃப். மைதானத்தில் நடந்த இந்தியன் ஓப்பனில், நான்கு நாள் ஆட்டம் முடிந்தபோது அவர் பெயருக்கு எதிரே இருந்தது 2 அண்டர், அதாவது நான்கு நாளுக்கு மைதானம் வைத்த அளவைவிட 2 ஷாட் குறைவு. அக்டோபரில் டெல்லி கோல்ஃப் கிளப்பில் நடந்த டி.பி. வேர்ல்டு இந்தியா சாம்பியன்ஷிப்பில் 20 அண்டர். குருகிராமில் வென்ற ஸ்பெயின்காரர் யூஜீனியோ சக்காராவின் கணக்கு 4 அண்டர். டெல்லியில் வென்ற இங்கிலாந்துக்காரர் டாமி ஃபிளீட்வுட்டின் கணக்கு 22 அண்டர். ஒரு மைதானத்திலிருந்து மற்றொன்றுக்குக் காரில் போக ஒரு மணி நேரம் போதும். இரண்டிலும் பார் என்ற அந்த அளவு ஒரு நாளைக்கு 72தான்.

ஏழு மாதத்தில் ஒரு மனிதர் 18 ஷாட் முன்னேறிவிட்டார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. 2024 மார்ச்சில் இதே நகஜிமா, இதே குருகிராம் மைதானத்தில், 17 அண்டர் அடித்து இந்தியன் ஓப்பனை வென்றிருந்தார். ஆள் மாறவில்லை, இடம் மாறவில்லை, மாதம்கூட மாறவில்லை. ஓராண்டு இடைவெளியில் 15 ஷாட் வித்தியாசம்.

தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் எவ்வளவு அடிப்பார் என்று கேட்டால், ‘ஒரு ரவுண்டுக்கு 71 பக்கம்’ என்று பதில் வரும். தவறில்லாத பதில். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஆட்டக்காரரையும் எடை போட முடியாது, ஒரு ஆட்டத்தையும் புரிந்துகொள்ள முடியாது. அன்று அதே புல்லில், அதே காற்றில் ஆடிய மற்றவர்கள் எவ்வளவு அடித்தார்கள் என்பதும் பக்கத்தில் இருக்க வேண்டும். நம் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தில் அந்த இரண்டாவது எண்ணைக் காண்பது அரிது.

புதுச்சேரி வாசகருக்குப் பந்தாட்டம் என்றால் பெத்தாங்க் நினைவுக்கு வரும். பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வுபெற்று வந்த சொல்தாக்கள் ஊன்றிவிட்டுப் போன ஆட்டம். இரும்புக் குண்டை உருட்டி, முதலில் 13 புள்ளி எடுத்தவர் ஜெயித்தார் என்று எளிதாக முடிந்துவிடும். கோல்ஃபில் கணக்கு தலைகீழ். எண் குறையக் குறையத்தான் மதிப்பு. 18 குழி, ஒவ்வொரு குழிக்கும் 3, 4 அல்லது 5 ஷாட் என்று மைதானத்தார் முன்கூட்டியே ஓர் அளவு வைத்திருப்பார்கள். அதுதான் பார். பதினெட்டின் கூட்டல் பெரும்பாலும் 70இலிருந்து 72க்குள் வரும். குழியின் பாரைவிட ஒன்று குறைத்தால் பேர்டி, இரண்டு குறைத்தால் ஈகிள், ஒன்று கூடினால் போகி. நான்கு நாள் மொத்தத்தைப் பாரின் நான்கு மடங்கோடு ஒப்பிட்டு ‘இத்தனை அண்டர்’, ‘இத்தனை ஓவர்’ என்று சொல்வது வழக்கம்.

பார் என்பது இயற்கை தந்த அளவு அன்று. யாரோ சிலர் உட்கார்ந்து காகிதத்தில் எழுதியது. கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் மைதானத்தில் இரண்டாவது குழிக்குப் பார் 5. 2000இல் அங்கே யு.எஸ். ஓப்பன் நடந்தபோது அமைப்பாளர்கள் அதைப் பார் 4 ஆக்கினார்கள். குழி நகரவில்லை, மண்ணும் புல்லும் அதேதான். எழுதப்பட்ட எண் மட்டும் மாறியது. டைகர் வுட்ஸ் அந்தப் போட்டியில் மொத்தம் 272 ஷாட்டில் முடித்தார். வரலாற்றில் அது 12 அண்டர் என்று பதிவாகியிருக்கிறது. பழைய பாரை விட்டுவைத்திருந்தால் 16 அண்டர் ஆகியிருக்கும். ஆட்டத்தின் பெருமை இரண்டிலும் இல்லை. இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்ட எர்னி எல்ஸும் மிகுவேல் ஏஞ்சல் ஹிமெனெஸும் 3 ஓவர். 15 ஷாட் இடைவெளி. அந்த வாரம் பாருக்குக் கீழே வந்த ஒரே ஆள் வுட்ஸ்தான். இந்த 15தான் சேதி. 12ஐ மட்டும் படித்தவர் பாதிக் கதையைக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை.

நம் ஊர் உதாரணமும் கைவசம் இருக்கிறது. கொல்கத்தாவின் எஸ்.எஸ்.பி. சௌரசியா 2016, 2017 என்று அடுத்தடுத்து இந்தியன் ஓப்பனை வென்றார். முதலாவது டெல்லி கோல்ஃப் கிளப்பில், 15 அண்டர். இரண்டாவது குருகிராமில், 10 அண்டர். ஸ்கோரை மட்டும் பார்ப்பவர் 2016 வெற்றியைத்தான் பெரிதாக நினைப்பார். ஆனால் அந்த ஆண்டு அவர் ஜெயித்தது 2 ஷாட்டில். 2017இல் 7 ஷாட்டில். இரண்டில் எது மேலான ஆட்டம் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வேன்.

இனி அந்த 71ஐ உடைத்துப் பார்ப்போம். அமெரிக்காவின் பி.ஜி.ஏ. டூரில் ஆடுபவர் ஒரு ரவுண்டின் 18 குழிகளில் ஏறக்குறைய 12இல் உரிய ஷாட்டுக்குள் பந்தைக் கிரீனில், அதாவது குழியைச் சுற்றிய ஒட்ட வெட்டிய புல்தரையில், ஏற்றிவிடுவார். பார் 4 குழி என்றால் இரண்டாவது ஷாட்டிலேயே பந்து கிரீனில் இருக்கும். அப்புறம் ‘பட்’ என்னும் உருட்டல் இரண்டில் குழிக்குள் தள்ளினால் பார், ஒன்றில் முடித்தால் பேர்டி. ஏறிய 12இல் பத்துக்கு மூன்று என்ற விகிதத்தில் பேர்டி விழும். மூன்றரைக்குச் சற்று மேல். மீதி ஆறு குழிகளில் பந்து மணலிலோ ரஃப் என்னும் நெடும்புல்லிலோ கிரீனின் விளிம்பிலோ கிடக்கும். அவற்றில் பத்துக்கு ஆறைத் தூக்கிப்போட்டு, ஒரே பட்டில் முடித்துப் பாரைக் காப்பாற்றிவிடுவார். காப்பாற்ற முடியாதவை இரண்டரை போகி. மூன்றரையில் இரண்டரை போனால் மிச்சம் ஒன்று. 72இல் ஒன்று கழிந்து 71.

சனி, ஞாயிறுகளில் கிளப்புக்குப் போய் ஆடும் சாதாரண ஆட்டக்காரர் 90க்கு மேல் அடிப்பார். அவருக்கும் தொழில்முறையாளருக்கும் இடையே 20 ஷாட் இருக்கிறது. ஆனால் தொழில்முறையாளர்களுக்குள் முதல் ஆளுக்கும் நூறாவது ஆளுக்கும் இடையே ஒரு ரவுண்டுக்கு இரண்டு ஷாட்தான், அதிகம் போனால் மூன்று. 2000இல் டைகர் வுட்ஸின் சரிக்கட்டிய சராசரி 67.79. கோல்ஃப் கண்ட மிகச் சிறந்த ஆண்டுகளில் அது ஒன்று. ‘சரிக்கட்டிய’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் மைதானம் எவ்வளவு கடினமாக இருந்தது, மற்றவர்கள் எவ்வளவு அடித்தார்கள் என்பதைக் கணக்கில் சேர்த்துத்தான் பி.ஜி.ஏ. டூர் இந்தச் சராசரியைப் போடுகிறது. சரிக்கட்டாமல் நேரடியாகக் கூட்டி வகுத்தால் அந்த ஆண்டு அவர் சராசரி 68.17. ஆக, வெறும் ஸ்கோர் போதாது என்பது ஆட்டத்தை நடத்துகிறவர்களுக்கு எப்போதோ தெரியும். செய்தி எழுதுகிறவர்களுக்குத்தான் போய்ச் சேரவில்லை.

அந்த இரண்டு ஷாட் வித்தியாசம் எங்கே பிறக்கிறது? ‘முதல் ஷாட் வேடிக்கைக்கு, பட் காசுக்கு’ என்று கோல்ஃப் உலகில் ஒரு பழம்பேச்சு உண்டு. நெடுங்காலம் எல்லோரும் அதை நம்பினார்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி இதைச் சோதித்துப் பார்த்தார். 2003 முதல் பி.ஜி.ஏ. டூர் லேசர் கருவிகளை வைத்து, ஒவ்வொரு ஆட்டக்காரரின் ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து கிளம்பி எங்கே நின்றது என்று பதிவு செய்துவருகிறது. இலட்சக்கணக்கான அந்த ஷாட்டுகளை அவர் அலசினார். அவருடைய முறை எளிமையானது. எட்டடித் தூரத்திலிருந்து தொழில்முறையாளர்கள் பட் போட்டால் இரண்டுக்கு ஒன்று விழுகிறது. அப்படியானால் அந்த இடத்தின் விலை ஒன்றரை ஷாட். ஒரே பட்டில் போட்டவருக்கு அரை ஷாட் லாபம், இரண்டில் முடித்தவருக்கு அரை ஷாட் நட்டம். இப்படியே மைதானத்தின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விலை. ஷாட் அடிப்பதற்கு முன் நின்ற இடத்தின் விலையையும் அடித்த பின் போய் நின்ற இடத்தின் விலையையும் ஒப்பிட்டால், அந்த ஒரு ஷாட் எவ்வளவு சம்பாதித்தது என்பது தெரிந்துவிடும்.

2014இல் அவர் புத்தகமாக வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. முன்னணி ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிடச் சம்பாதிக்கும் லாபத்தில் 40 சதவீதம் கிரீனை நோக்கி அடிக்கும் நீண்ட ஷாட்டுகளில் வருகிறது. 28 சதவீதம் முதல் ஷாட்டில். கிரீனைச் சுற்றிய குட்டை ஆட்டத்தில் 17. பட்டில் வெறும் 15. தொலைக்காட்சி காட்டுவதெல்லாம் பட் விழும் கணத்தைத்தான். பந்தைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திய, அயர்ன் என்னும் இரும்பு மட்டையால் அடித்த ஷாட் விளம்பர இடைவேளையில் போய்விடுகிறது. பழம்பேச்சு அவ்வளவு காலம் செல்லுபடியானதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் சராசரி சொல்வது எல்லோருக்கும் பொருந்திவிடாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரின் அதிதி அசோக் 67, 66, 68, 68 என்று நான்கு நாளும் எழுபதுக்குக் கீழே அடித்து, மொத்தம் 269இல் நான்காவதாக வந்தார். பார் 71, ஆக 15 அண்டர். வெண்கலம் ஒரே ஷாட்டில் போயிற்று. போட்டியில் ஆடிய 60 பெண்களில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் அவர் ஒருவர். மற்றவர்கள் குட்டை அயர்னால் கிரீனைத் தொட்ட இடங்களில் அவர் நீண்ட தூரத்துக்கான ஹைபிரிட் மட்டையை எடுக்க வேண்டியிருந்தது. அத்தனை தூரக் குறையையும் அவர் பட்டால் ஈடுகட்டினார். கிரீனில் அந்த வாரம் அவரைப் போல் ஆடியவர்கள் அரிது. பிராடியின் கணக்கு இங்கே தோற்றுவிட்டதா? இல்லை என்றே சொல்வேன். பட்டில் அப்படியொரு வாரம் அமைந்தும் பதக்கத்துக்கு ஒரு ஷாட் போதாமல் போனதற்குக் காரணம், முதல் ஷாட்டில் விட்ட தூரம். இரண்டு பக்கமும் அதிதியின் ஸ்கோருக்குள்ளேயே இருக்கின்றன.

இதுவரை பேசியது ஆட்டக்காரரின் கையில் இருப்பது. ஸ்கோரில் பெரும் பங்கு அவர் கையில் இல்லாதவற்றுக்கு உண்டு. முதலில் மைதானம், அதைவிட முக்கியமாக, அதை அந்த வாரத்துக்கு எப்படித் தயார் செய்கிறார்கள் என்பது. டெல்லி கோல்ஃப் கிளப்பின் லோதி மைதானம் நீளம் குறைந்தது. 7,000 கஜத்தைத் தொடாது. பந்து போக வேண்டிய புல்பாதையான ஃபேர்வே குறுகல், இருபுறமும் உள்ளே போன பந்து திரும்பாத புதர், நடுநடுவே பழைய கல்லறை மண்டபங்கள். 2025இல் அங்கே ஆட வந்த ரோரி மெக்கில்ராய், நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையையே பயன்படுத்தப் போவதில்லை என்றார். உலகத்திலேயே டிரைவரை மிக அழகாகச் சுழற்றும் ஆள் அவர்! குறுகலான இடம் என்றால் ஸ்கோர் ஏறும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் நீளம் குறைவாக இருக்கும்போது, முதல் ஷாட்டை அடக்கி அடித்தாலும் இரண்டாவது ஷாட்டுக்குக் கையில் குட்டை அயர்ன்தான் வரும். பந்து குழிக்குப் பக்கத்தில் விழுகிறது, பேர்டி கொட்டுகிறது. குருகிராம் மைதானம் தென்னாப்பிரிக்கர் கேரி பிளேயர் வடிவமைத்தது. நீளமும் அதிகம், பங்கர் என்னும் மணல்குழியும் ஆழம், கிரீனில் மேடு பள்ளமும் கூடுதல். முந்நூறு கஜம் அடித்த பிறகும் இரண்டாவது ஷாட் நிம்மதி தராது. அங்கே வென்ற சக்காராவின் மொத்தம் 284. நான்கால் வகுத்தால் சரியாக 71. எந்தச் சராசரித் தொழில்முறையாளரும் அடிக்கக்கூடிய அந்த 71, அந்த வாரம் கோப்பை வாங்கித் தந்தது. ஃபிளீட்வுட்டின் 266 ஒரு நாளைக்கு 66.5.

தயாரிப்பு எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் மாநிலத்தின் ஷின்னகாக் ஹில்ஸ் சாட்சி. 2004 யு.எஸ். ஓப்பனின் கடைசி நாள், கிரீன்கள் காய்ந்து, மட்டையால் தொட்டாலே பந்து நிற்காமல் ஓடியது. ஏழாவது கிரீனில் முதலில் வந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, அடுத்தடுத்த குழுக்களுக்கு நடுவே ஆட்டத்தை நிறுத்தி ஹோஸ் பிடித்துத் தண்ணீர் தெளித்தார்கள். உலகின் சிறந்த ஆட்டக்காரர்கள் அன்று அடித்த சராசரி 78.7. ஒருவர்கூடப் பாருக்குக் கீழே வரவில்லை. கோப்பையை வென்ற ரெட்டீஃப் கூசன் அன்று அடித்தது 71. சராசரியைவிட ஏழரைக்கும் மேலே நல்ல ஆட்டம். இன்னொரு கோடியில் ஹவாயின் கபாலுவா இருக்கிறது. அகன்ற ஃபேர்வே, பார் 73. 2025 ஜனவரியில் ஹிடெகி மட்சுயாமா அங்கே 35 அண்டர் அடித்து பி.ஜி.ஏ. டூரின் சாதனையை எழுதினார். சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் கூசனின் அந்த 71ஐ நான் அதற்கு ஒரு படி கீழே வைக்க மாட்டேன்.

அடுத்தது காற்று. இதைப் புரிந்துகொள்ள ஸ்காட்லாந்து போக வேண்டியதில்லை, நோணாங்குப்பம் போதும். புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில், சுண்ணாம்பாற்றுப் படகுத்துறையில் கோடைக்காலக் காலை எட்டு மணிக்கு நின்றால் நீர் அசையாது. தரைக்காற்று மெல்ல மேற்கிலிருந்து வரும். உச்சிவேளை தாண்டியதும் கடற்காற்று ஏறும். முகத்துவாரத்துப் பக்கமிருந்து அலை சுருண்டு வரும், பாரடைஸ் பீச்சுக்குப் போகும் படகின் மூக்கு திரும்பும். காலைப் படகும் மாலைப் படகும் ஒரே தூரம் போகின்றன. செலவாகும் டீசல் ஒன்றாக இருக்காது. கடலோர மைதானத்தில் ஆடுகிறவருக்கும் இதே கதி. போட்டியின் முதல் இரண்டு நாள் பாதிப் பேர் காலையில் கிளம்புவார்கள், பாதிப் பேர் மதியம். மறுநாள் முறை மாறும். காற்று இரண்டு நாளும் ஒரே நேரத்தில் ஏறினால் கணக்கு நேர்ப்படும். ஒரு நாள் மட்டும் வீசினால், குலுக்கலில் தவறான பக்கம் விழுந்தவர் சூட்கேஸைக் கட்ட வேண்டியதுதான்.

2010இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனின் முதல் நாள் மெக்கில்ராய் 63 அடித்தார். வயது 21. மறுநாள் காற்று சுழற்றியடித்தது. கிரீனில் வைத்த பந்து தானாக உருண்டதால் ஆட்டத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினார்கள். மெக்கில்ராய் அன்று 80. ஒரே மைதானம், ஒரே ஆள், 24 மணி நேரத்தில் 17 ஷாட். அவர் ஆட்டம் ஒரே இரவில் அழிந்துபோகவில்லை என்பதற்குச் சான்று, கடைசியில் அவர் மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டது. 2002இல் முயர்ஃபீல்டில் டைகர் வுட்ஸுக்கும் அப்படித்தான் ஆனது. மூன்றாம் நாள் குளிர்மழையோடு புயல்காற்று, அவர் 81. மறுநாள் வானம் தெளிந்தது; 65.

காற்றில் ஒரு வஞ்சகமும் உண்டு. எதிரே வீசும் காற்று பறித்துக்கொள்வதைப் பின்னிருந்து வீசும் காற்று திருப்பித் தருவதில்லை, பாதியைத்தான் தரும். அமைதியான நாளில் 150 கஜம் போகும் ஷாட், மணிக்கு 16 கி.மீ. எதிர்காற்றில் 135 கஜத்தில் விழும். அதே வேகப் பின்காற்றில் 157 கஜம். பாதிக் குழிகள் காற்றை எதிர்த்தும் பாதிக் குழிகள் காற்றோடும் அமைந்திருந்தாலும், ரவுண்டின் முடிவில் கணக்கு சரியாகாது. காற்றடிக்கும் நாளில் எல்லோருடைய ஸ்கோரும் ஏறுவதற்கு இது ஒரு காரணம்.

உயரமும் சூடும் எதிர்ப்பக்கம் வேலை செய்யும். ஊட்டி ஜிம்கானா கிளப்பின் மைதானம் வென்லாக் டவுன்ஸில், கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இல் தொடங்கியது. அதுவும் 2,000 மீட்டருக்கு மேல்தான். இவ்வளவு உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்து பத்து சதவீதம் கூடுதலாகப் பறக்கும். சென்னையில் 150 கஜத்துக்கு எடுக்கும் மட்டையை அங்கே எடுத்தால் பந்து கிரீனைத் தாண்டிப் பின்னால் கிடக்கும். மெக்சிகோ நகரில் 2,300 மீட்டருக்கு மேல் உள்ள சாபுல்டெபெக் மைதானத்தில் உலகப் போட்டிகள் நடந்த ஆண்டுகளில், ஆட்டக்காரர்கள் வாரம் முழுக்கத் தூரத்தைப் பெருக்கி வகுத்துக்கொண்டே திரிந்தார்கள். கொடைக்கானலில் மேயும் காட்டெருமைகளை எந்தச் சூத்திரத்தில் சேர்ப்பது என்பது தனிக் கேள்வி.

வெயில் ஏறினாலும் காற்று லேசாகும். 15 டிகிரியில் அடித்த டிரைவைவிட 38 டிகிரியில் அடித்தது ஏழெட்டு கஜம் கூடுதலாகப் போகும். புழுக்கத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. கடற்கரைக் காற்று ‘கனம்’, அதனால் பந்து போகாது என்பார்கள். இயற்பியல் வேறு சொல்கிறது. நீராவி மூலக்கூறின் எடை 18. உலர்ந்த காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29. ஈரப்பதம் கூடக் கூடக் காற்று லேசாகிறது. சட்டை முதுகில் ஒட்டும் நோணாங்குப்பத்துப் பிற்பகலில், எதிர்காற்று இல்லையென்றால், பந்து இம்மியளவு கூடுதலாகவே போகும். மொத்தமே ஒரு கஜத்துக்குள்தான். யாரும் அதற்காக மட்டையை மாற்ற வேண்டாம். சோர்வு ஸ்கோரைக் கெடுக்கும், காற்றின் கனம் கெடுக்காது.

புல்லைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நம் பக்கத்து மைதானங்களில் வெயிலைத் தாங்குகிற பெர்முடா வகைப் புல்தான் பெரும்பாலும். அதன் இலை ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். ஆட்டக்காரரின் பையைச் சுமக்கும் கேடி கிரீனில் குனிந்து பார்ப்பது மேடு பள்ளத்தை மட்டும் அல்ல. புல் பளபளவென்று தெரிந்தால் அது நம்மை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது, பட் வேகமாக ஓடும். மங்கிக் கருத்துத் தெரிந்தால் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பந்து பாதி வழியில் நின்றுவிடும். குழியின் விளிம்பையும் பார்ப்பார்கள். ஒரு பக்கம் புல் பிய்ந்து பழுப்பாக இருந்தால் சாய்வு அந்தப் பக்கம். எந்தப் பயிற்சிப் புத்தகமும் கைக்கு வராத காலத்திலேயே கேடிகளுக்கு இது அத்துப்படி.

இந்திய கோல்ஃபின் ஸ்கோர் வரலாற்றை கேடிகளை விட்டுவிட்டு எழுத முடியாததற்கு இதுவே காரணம். கொல்கத்தாவில் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829இல் தொடங்கியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இன்றும் இயங்கும் கிளப்புகளில் அதுதான் மிகப் பழையது. அங்கே ஆடியவர்கள் துரைமார்கள்; பையைச் சுமந்தவர்கள் நம்மவர்கள். பெரும்பாலான கிளப்புகளில் திங்கட்கிழமை பராமரிப்பு நாள். அன்றுதான் கேடிகள் ஆடிக்கொள்ளலாம். கடன் வாங்கிய மட்டை, தேய்ந்த பந்து. ஆனால் மைதானத்தின் ஒவ்வொரு சாய்வும் மனப்பாடம். 1964இல் தொடங்கிய இந்தியன் ஓப்பனை, தொழில்முறை இந்தியர் ஒருவர் வெல்ல 1991 வரை ஆனது. வென்றவர் டெல்லி கேடிகளிலிருந்து வந்த அலி ஷேர். சௌரசியா ராயல் கல்கத்தா மைதானத்துப் பராமரிப்பாளரின் மகன். 2009இல் இந்தியன் ஓப்பனைப் பிளே-ஆஃபில் வென்ற பெங்களூர் சி. முனியப்பா முன்னாள் கேடி. இலங்கையிலிருந்து வந்து இந்தியத் தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் என். தங்கராஜா, கே. பிரபாகரன், மலேசியாவில் முந்தைய தலைமுறையின் பெரியசாமி குணசேகரன், ஆர். நாச்சிமுத்து என்று தமிழ்ப் பெயர்களும் இந்த ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையில் ஏறியிருக்கின்றன. தமிழ் இதழ்கள் அவர்களைப் பற்றி எழுதியது சொற்பம்.

உள்ளூர்ப் புல்லை அறிந்திருப்பது ஒரு ரவுண்டில் ஒரு ஷாட்டை மிச்சப்படுத்தினால்கூட நான்கு நாளில் நான்கு ஷாட். முதல் இரண்டு நாளில் ‘கட்’ தாண்டுகிறவருக்கும் வீட்டுக்குப் போகிறவருக்கும் நடுவே இருப்பது பல வாரங்களில் ஒரே ஒரு ஷாட்தான். கட் தாண்டாதவருக்கு வழக்கமான போட்டிகளில் பரிசுப் பணம் இல்லை. ரயில் டிக்கெட்டும் கேடிக் கூலியும் கைக்காசு.

கருவிகளைப் பற்றி அதிகம் பேசப்படுகிறது. அதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1980இல் பி.ஜி.ஏ. டூரில் டிரைவின் சராசரித் தூரம் 257 கஜம். இப்போது 300ஐத் தொட்டுவிட்டது. மட்டையின் தலை பெரிதாயிற்று, பந்தின் உட்புறம் மாறிற்று, ஆட்டக்காரர்கள் ஜிம்முக்குப் போனார்கள். ஆனால் சராசரி ஸ்கோர் இத்தனை ஆண்டில் ஓரிரு ஷாட்டுக்கு மேல் இறங்கவில்லை. தூரம் கூடக் கூட மைதானத்தை நீட்டினார்கள், குழியை மூலைக்குத் தள்ளினார்கள், ரஃபை வளரவிட்டார்கள். ஸ்கோரை மைதானத்தார்தான் முடிவு செய்கிறார்கள் என்பதற்கு இந்த 40 ஆண்டுக் கதையைவிட நல்ல ஆதாரம் வேண்டாம்.

கடைசியாக, அதிர்ஷ்டம். இந்தச் சொல்லைக் கேட்டால் ஆட்டக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், புள்ளியியல் சுளிக்காது. ஒரே தொழில்முறையாளரின் ரவுண்டுகளை எடுத்து, மைதானத்தின் கடினத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், நாளுக்கு நாள் ஏறக்குறைய 3 ஷாட் மேலும் கீழும் ஆடும். முதல் ஆளுக்கும் நூறாவது ஆளுக்கும் திறமையில் உள்ள இடைவெளியே ஒரு ரவுண்டுக்கு இரண்டு, மூன்று ஷாட் என்று முன்பு பார்த்தோம். அதனால் ஒரு வியாழக்கிழமை நூறாவது ஆள் முதல் ஆளைவிட நன்றாக அடிப்பது அதிசயமே இல்லை; வாராவாரம் நடப்பது. வுட்ஸ் தன் உச்சத்தில், 2000இல், 20 போட்டிகளில் 9ஐ வென்றார். கோல்ஃபில் ஒரு மனிதர் எட்டக்கூடிய ஆதிக்கத்தின் எல்லை ஏறக்குறைய அது. அவரும் பாதிக்கு மேல் தோற்றுத்தான் திரும்பினார். ஜிம் ஃபியூரிக் 2016இல் கனெக்டிகட்டில் 58 அடித்து பி.ஜி.ஏ. டூரின் மிகக் குறைந்த ரவுண்டைப் பதிவு செய்தார். அந்த 58ஐ அடித்தும், அந்த வாரக் கோப்பை அவருக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே விளையாட்டுப் பக்கத்தை எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘22 அண்டரில் வென்றார்’ என்று எழுதும்போது, அதே வரியில் அந்த வாரம் ஆடியவர்களின் சராசரி எவ்வளவு என்பதையும், வென்ற வித்தியாசம் எத்தனை ஷாட் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்த எண்களைப் போட்டி நடத்துகிறவர்கள் நாள்தோறும் வெளியிடுகிறார்கள். தேடி அலைய வேண்டியதில்லை. அடுத்த இந்தியன் ஓப்பனில் நம் ஆட்டக்காரர் ஒருவர் வெறும் 2 அண்டரில் பத்தாவதாக வந்தால், அது எத்தகைய ஆட்டம் என்பது வாசகருக்கு அந்த ஒரு வரியில் விளங்கிவிடும்.